மயிலாப்பூருக்கு மத்தியானம் வராதீர்கள்

மயிலாப்பூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் சொதப்புவது நேரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகக் குளித்து, 11 மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், வந்து சேரும்போது கபாலீஸ்வரர் கோயில் நடை சாத்தியிருக்கும். மறுபடி திறக்க 4 மணியாகும். டிபன் கடைகளில் காலை வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவும் சத்தம்தான் கேட்கும். கொளுத்தும் வெயிலில் குளத்துப் படிக்கட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, "இதுக்கா இவ்வளவு பெருமை?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். இந்தப் பேட்டைக்கு இரண்டு வேளைதான். விடிந்ததிலிருந்து பத்து மணி வரை ஒன்று. வெயில் தாழ்ந்த பிறகு இன்னொன்று.

அடுத்தது வாசல். கிழக்கே சுமார் 120 அடி உயர ராஜகோபுரம் நிற்பதால் அதுதான் கோயிலின் முகம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோபுரம் 1906-இல் எழுந்தது. கபாலீஸ்வரர் மேற்கு பார்த்தவர்; குளமும் மேற்கில்தான் இருக்கிறது. குளத்துப் பக்கமாக வந்து நுழைந்தால் சுவாமிக்கு நேர் எதிரே போய் நிற்கலாம். உள்ளே புன்னை மரத்தைப் பார்க்காமல் வராதீர்கள். தல விருட்சம் அதுதான். சம்பந்தர் பாடிய மயிலை, கடற்கரையோரப் புன்னைச் சோலை. பழைய கோயில் இன்றைய சாந்தோம் பக்கம் கடலோரமாக இருந்தது என்பார்கள். இப்போது நாம் கும்பிடுவது விஜயநகரக் காலத்தில் எழுந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் நடக்கும் கூத்து தனி. அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸுக்கு மத்தியானம் போய் "மீல்ஸ் இருக்கா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அது டிபன் கடை. இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. இடம் சின்னது, வாசலில் ஆட்கள் நிற்பார்கள். சாப்பிட்டு முடித்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஆபீஸ் கதை பேசாதீர்கள். வெளியே நிற்கிறவர் பார்க்கிற பார்வையில் சட்னி புளித்துவிடும். பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையில் மேஜை நாற்காலியை எதிர்பார்க்க வேண்டாம். பெயரே சொல்லிவிடுகிறது: வீட்டு ஜன்னல் வழியே கொடுப்பார்கள், தெருவில் நின்று சாப்பிட வேண்டும். காளத்தி கடை ரோஸ் மில்க்கை மட்டும் டிபனுக்கு முன்னால் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள்.

என்னைக் கேட்டால், பலரும் கோட்டைவிடுவது தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளைத்தான். காய் நம்ம தெருவிலேயே கிடைக்கிறதே என்று கண்டுகொள்ளாமல் போய்விடுவார்கள். வேறெங்கும் தேடி அலைய வேண்டிய பச்சைச் சுண்டைக்காய், மணத்தக்காளி, வாழைப்பூ, பருவத்தில் மாகாளிக் கிழங்கு எல்லாம் இங்கே கூறு கட்டி வைத்திருப்பார்கள். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காதீர்கள். கடைக்கார அம்மா முதல் தடவை "ஒடிக்காதம்மா, எல்லாம் பிஞ்சுதான்" என்பார்; இரண்டாவது தடவை ஒடித்த காயையெல்லாம் உங்கள் கூறிலேயே சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிடுவார். பேரம் பேசலாம், தப்பில்லை. ஆனால் பத்து ரூபாய் கீரைக் கட்டுக்குப் பேரம் பேசிவிட்டு, பட்டுப் புடவைக் கடையில் வாயைத் திறக்காமல் பில் கட்டுவது என்ன நியாயமோ!

காரில் வருவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வராதீர்கள். மெட்ரோ வேலையால் லஸ் முனை என்றைக்கு எந்தப் பக்கம் திறந்திருக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்கே தெரிவதில்லை. பறக்கும் ரயிலில் திருமயிலை அல்லது முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷனில் இறங்கினால் எல்லாமே நடக்கும் தூரம்தான்.

கபாலி கோயிலோடு மயிலாப்பூர் முடிந்தது என்று திரும்புவதும் தவறுதான். பேயாழ்வார் அவதரித்த ஊர் இது. சித்திரைக் குளத்தை ஒட்டி ஆதிகேசவப் பெருமாள், கொஞ்சம் தள்ளி மாதவப் பெருமாள், முண்டகக்கண்ணியம்மன், வள்ளுவருக்கும் ஒரு கோயில். லஸ்ஸில் காட்டுக் கோயில் என்று சொல்லப்படும் மாதா கோயில் 1516-ஐச் சேர்ந்தது. சாந்தோம் பேராலயத்தின் இப்போதைய கட்டடமோ 1896-ஐச் சேர்ந்ததுதான். கூட்டமெல்லாம் அங்கே போகிறது, லஸ் கோயில் அமைதியாகக் கிடக்கிறது.

கடைசியாகப் பங்குனித் திருவிழா. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையை உயிர்ப்பிக்கப் பாடிய பதிகத்தில் சம்பந்தர், ஓணம், கார்த்திகை, ஆதிரை, பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அடுக்கி, இதையெல்லாம் "காணாதே போதியோ" என்று கேட்கிறார். தவறவிடக் கூடாதவற்றின் பட்டியல் அப்போதே தயார்! எட்டாம் நாள் நாயன்மார் அறுபத்து மூவர் வீதியுலாவுக்கு, பல்லக்குகள் கிளம்பும் பிற்பகலில் வந்து கூட்டத்தில் நசுங்குகிறவர்கள்தான் அதிகம். பூம்பாவை உயிர்பெற்றெழும் நிகழ்ச்சி அன்று காலையிலேயே நடந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. காலையிலேயே வந்துவிடுங்கள். வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டு வர வேண்டாம். தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோர், பானகம், புளியோதரை கொடுப்பார்கள். செருப்பைப் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு விட்ட இடத்தில் திரும்பக் கிடைக்காது.