கேட்டைப் பூட்டும் முன்: மறதி நோய் உள்ளவர் இருக்கும் வீட்டுக்கு

டிமென்ஷியா என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் கேட்டுக்குப் புதுப் பூட்டு வந்துவிடும். பயம்தான் காரணம். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸாக வேலை செய்தவள். இப்போது என் மாமனாருக்கே மறதி நோய். பூட்டை வாங்கும் முன் என்னென்ன செய்து பார்க்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

விழுந்துவிடுவார், வழி தவறிவிடுவார், அடுப்பைப் பற்றவைத்து மறந்துவிடுவார் என்ற ஆபத்துகள் எல்லோருக்கும் தெரிகின்றன. தடுத்து வைப்பதால் வரும் கேடு அப்படிச் சட்டென்று தெரியாது. நடை நின்றால் காலில் பலம் குறையும், மலச்சிக்கல் வரும், பகலில் தூங்கிவிட்டு ராத்திரி விழித்திருப்பார். பேச ஆளில்லாமல் மனசு சுருங்கிப்போகும். பிரிட்டனில் செவிலியர் துறைப் பேராசிரியராக இருந்த ஷார்லட் கிளார்க் இந்த விஷயத்தைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். வெளியே போவது, நட்பு, புகைபிடிப்பது, வீட்டு வேலை போன்ற அன்றாடக் காரியங்களில்தான் நோயாளிக்கும் கவனிப்பவர்களுக்கும் இடையே இழுபறி நடக்கிறது என்று அவரும் சக ஆய்வாளர்களும் 2010-ல் எழுதினார்கள். அதே ஆண்டு பிரிட்டன் சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலும், ஒரு காரியத்தில் இருக்கும் ஆபத்தோடு, அது அந்த மனிதருக்கு என்ன தருகிறது என்பதையும் சேர்த்து எடைபோடச் சொல்கிறது.

இதை வீட்டில் செய்ய ஒரு தாளும் பேனாவும் போதும். அவர் தினமும் செய்கிற, செய்ய ஆசைப்படுகிற காரியங்களை எழுதுங்கள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டே எழுதுங்கள். மாமா சொன்னவை மாட்டுக்குத் தீனி வைப்பது, பால் சொசைட்டிக்குப் போவது, சாயங்காலம் சாயாக்கடை, தோப்புக் கிணறு, டிவிஎஸ் எக்ஸெல். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகள். இது நின்றால் அவருக்கு எவ்வளவு இழப்பு? நிற்காவிட்டால் எவ்வளவு கேடு வரலாம்?

வண்டியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரோட்டில் போகும் மற்றவர் உயிரும் அதில் இருப்பதால் நிறுத்தியாக வேண்டும். சாவியை ஒளித்து வைத்தால் நாள் முழுக்கத் தேடுவார். வண்டியையே கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, யாராவது தங்கள் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போங்கள். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டால் தோப்புக்குப் போவதைத் தடுக்க வேண்டியதில்லை. மாட்டுத் தீனியை அவரிடமே விட்டுவிடலாம். இரண்டு தடவை வைத்துவிடுவார் என்ற பயம் இருந்தால் அந்த வேளைக்கு உரியதை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள்.

சாயாக்கடை நடைதான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சு. திருப்பூரிலிருக்கும் கொழுந்தனார் போனில், "அண்ணி, பேசாம கேட்டைப் பூட்டுங்க" என்றார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் மாமா இன்னும் ஊர்ப் பெரியவர். தேங்காய் விலை பேசுவார், நாலு பேர் அவரை "வாங்க கவுண்டரே" என்பார்கள். அதை நான் எடுக்க மாட்டேன். ஆனால் ஏற்பாடு இல்லாமல் அனுப்பவும் கூடாது.

முதலில் தள்ளி நின்று அவர் பின்னால் நடந்து பாருங்கள். எந்தத் திருப்பத்தில் தயங்குகிறார், ரோட்டை எப்படிக் கடக்கிறார் என்று தெரியும். வாய்க்கால் ஓரப் பாதை வேண்டாம், கடைகள் இருக்கும் ரோடே நல்லது, பார்க்க ஆள் இருப்பார்கள். வழியிலுள்ள கடைக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லி நம் நம்பரைக் கொடுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே வழி. கிளம்பும்போது போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், தேட வேண்டிவந்தால் என்ன சட்டை என்று குழம்ப வேண்டாம்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ஒரு பஸ் ஏறினால் பொள்ளாச்சி, இன்னொரு பஸ் ஏறினால் பாலக்காடு. அதனால் சட்டைப் பையில் வைக்கும் அட்டையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி லேமினேட் செய்யுங்கள். பெயர், "எனக்கு மறதி நோய் உண்டு, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்", இரண்டு போன் நம்பர். அது போதும். வீட்டு விலாசம் வேண்டாம், தப்பான ஆள் கையில் கிடைக்கலாம். பின்னால் கற்ற மொழி பலருக்கு முதலில் நழுவும். மலையாளம் சரளமாகப் பேசியவர் கண்டக்டர் கேட்பதற்குப் பதில் சொல்லாமல் விழிப்பார், அதைத் திமிர் என்று நினைத்துவிடுவார்கள். சாயாக்கடைக்காரரிடம் தமிழிலேயே பேசச் சொல்லியிருக்கிறோம். திரும்பும் நேரம் தாண்டினால் முதலில் கடைக்குப் போன், அப்புறம் கிணறு, வாய்க்கால் பக்கம் ஆள் அனுப்புங்கள், கூடவே அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். இரண்டு மாநிலத்திலும் அதே நம்பர். ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள்.

அம்மாக்களுக்கு அடுப்புதான் பெரிய விஷயம். கூட ஆள் இருக்கும்போது சமைக்கட்டும், மற்ற நேரம் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி வையுங்கள். காய் நறுக்குவது, கீரை ஆய்வது, பூக் கட்டுவது அவர் கையிலேயே இருக்கட்டும்.

ராத்திரி மட்டும் வெளிக் கதவைத் தாழிடலாம், உள்ளே யாராவது கூட இருந்தால். ஆள் இல்லாத வீட்டில் வெளியே பூட்டிவிட்டுப் போவது கூடவே கூடாது. தீப்பிடித்தால் அவரால் வெளியே வர முடியாது.

தாளில் தேதி போட்டு, யார் யார் சேர்ந்து முடிவு செய்தோம் என்றும் எழுதுங்கள். அசம்பாவிதம் நடந்தால் பழி ஒரே ஆள் தலையில், அநேகமாக மருமகள் தலையில், விழாமல் இருக்க அது உதவும். கொழுந்தனாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சரிங்க அண்ணி, தினமும் வீடு வந்து சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடுங்க" என்றார். இப்போது அதுவும் தாளில் இருக்கிறது.

மாதம் ஒரு தடவை தாளைத் திருத்துங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர்ச் சத்துக் குறைவு, புது மாத்திரை எதுவும் காரணமாக இருக்கலாம். கேரளத்தில் உடல்நலச் சந்தேகங்களுக்குத் திஷா உதவி எண் 1056, முதியோருக்கான உதவி எண் நாடு முழுக்க 14567. உங்கள் பஞ்சாயத்தில் வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸ் (தீராத நோய் உள்ளவர்களின் வேதனையைத் தணிக்க உதவுபவர்) இருந்தால், அடுத்த தடவை வரும்போது இந்தத் தாளைக் கையில் கொடுத்து, எதை மாற்றலாம் என்று கேளுங்கள்.