25,000 ரூபாய்க்கு ஒரு ஒப்பு: வேலையில் சேரும்போதும் விடும்போதும் நடக்கும் தவறுகள்

கருங்கல் பக்கத்து அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) ஒன்றில் 18 வருடம் வேலை பார்த்த அக்கா ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். உடைப்புப் பிரிவு. கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, ரேகையே தேய்ந்திருந்தது. "கணக்கு முடிச்சு 25,000 தந்தாவ. பேப்பர்ல ஒப்பு போட்டுக் குடுத்தேன்" என்றார். பேப்பரில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "அத நான் எங்க படிச்சேன் மக்களே?"

நாகர்கோவிலில் சிறு நிறுவனங்களுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். எனக்குக் காசு தருவது முதலாளிகள்தான். அதனால் இரண்டு பக்கத்துத் தவறும் என் கண்ணில் படும்.

அந்த அக்காவின் கணக்கைப் பார்ப்போம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலையை விடும்போது கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை உண்டு. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரர் என்றால் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் வரும். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவருக்குக் கடைசி மூன்று மாத சராசரி. அக்காவுக்கு அது நாளைக்கு 500 ரூபாய் என்று வையுங்கள். 15 நாளுக்கு 7,500. அதை 18 வருடத்தால் பெருக்கினால் 1,35,000. கையில் வந்ததோ 25,000.

"வருசத்துல பாதி நாள் கொட்டை வரத்து இல்லாம ஆபீஸ் அடச்சுக் கிடந்துதே, அந்த வருசம் எல்லாம் கணக்குல வராதாம்லா" என்றார் அக்கா. ஆபீஸில் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இது தவறு. லே-ஆஃப் (வேலை கொடுக்க முடியாமல் முதலாளி தற்காலிகமாக நிறுத்திவைப்பது), உடல்நலக் குறைவு, தொழிலாளியின் குற்றமில்லாமல் வேலை நின்றுபோன நாள் எதுவும் பணித் தொடர்ச்சியை முறிக்காது. இன்னொன்று: கிராஜுவிட்டியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்து எழுதிக் கொடுத்தாலும் சட்டத்தின் முன் அது நிற்காது. ஆனால் அந்தத் தாளில் "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்றிருந்தால், பெறவில்லை என்று நிரூபிக்கும் பாடு உங்கள் தலையில் விழும். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதாத தாளில், தேதி இல்லாத தாளில், வெறும் தாளில் ஒப்பு போடாதீர்கள். போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் போன் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

அடுத்த தலைவலி பெயர். நம்மூரில் ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. ஆதாரில் "தங்கபாய்", பி.எஃப். கணக்கில் "தங்கம்". சில இடங்களில் கணக்கு எழுதியவர் கொல்லத்துக்காரர். மலையாள உச்சரிப்பில் எழுதிவிட்டுப் போயிருப்பார். பிறந்த தேதியும் குத்துமதிப்பு. வேலையில் இருக்கும்போது இதைத் திருத்துவது தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கொடுக்கும் ஒரு கூட்டு உறுதிமொழிப் படிவத்தோடு முடிகிற காரியம். ஆபீஸைப் பூட்டி முதலாளி ஊருக்குப் போனபிறகு, கையெழுத்துப் போட ஆளைத் தேடி அலைய வேண்டும். யு.ஏ.என். நம்பரை (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) வாங்கி, மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஒரு இடத்தை விட்டு அடுத்த இடம் போகும்போது பணத்தை எடுத்துவிடுவதும் பெரிய தவறு. பத்து வருடச் சேவை இருந்தால்தான் மாத பென்ஷன். எட்டு வருடத்தில் எடுத்துச் செலவழித்துவிட்டு பிறகு வந்து கேட்பவர்கள் அதிகம்.

முதலாளிகள் பக்கம் வருவோம். மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் 22 பேர் வேலை பார்த்தார்கள். இருபது வந்தால் பி.எஃப். கட்டவேண்டுமே என்று மனைவி பெயரில் இன்னொரு ரசீதுப் புத்தகம் அடித்து ஆளை இரண்டாகப் பிரித்தார். ஒரே வாசல், ஒரே குடோன், ஒரே கணக்கப்பிள்ளை. இப்படி இருந்தால் அதிகாரி இரண்டையும் ஒன்றாகத்தான் பார்ப்பார். பழைய பாக்கி வட்டியோடும் அபராதத்தோடும் வரும். முதலாளி கட்டவேண்டிய 12 சதவீதத்தையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடிக்கும் வழக்கமும் இருக்கிறது. அது அப்பட்டமான குற்றம். இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25 சதவீதம். சம்பளம் 21,000 வரை உள்ளவர்களை, யாராவது மெஷினில் கையை மாட்டிக்கொண்ட பிறகு அவசர அவசரமாகச் சேர்க்க ஓடிவராதீர்கள். சேரும் அன்றே பதியுங்கள்.

வாயால் வேலையை விட்டு நிறுத்துவது இன்னொன்று. "நாளைக்கு வராண்டாம்" என்று அண்ணாச்சி சொல்லிவிடுவார். தமிழ்நாடு கடைகள் சட்டப்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. திருட்டுக் குற்றச்சாட்டு என்றால்கூட விளக்கம் கேட்டு, விசாரித்து, எழுத்தில் முடிவெடுக்க வேண்டும். தொழிலாளியும் கோபத்தில் அப்படியே வீட்டில் இருந்துவிடக் கூடாது. "அவன் தானாப் போனான்" என்று அங்கே எழுதிவைப்பார்கள். மறுநாளே ஸ்பீட் போஸ்டில், வேலைக்கு வரத் தயார் என்று ஒரு கடிதம் போடுங்கள். வேலை நீக்கத்தை எதிர்த்துப் போக பழைய சட்டத்தில் மூன்று வருடம் இருந்தது. புதிய தொகுப்பில் இரண்டு வருடம்தான்.

புதிய தொகுப்பு என்றது, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைத்தான். நியமனக் கடிதம் கொடுத்தே ஆகவேண்டும். வேலையை விட்டவரின் சம்பளக் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். குறித்த காலத்துக்கு என்று எடுத்தவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டி மீதியை அலவன்ஸாகக் கொடுக்கும் பழைய தந்திரமும் இனி மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் செல்லாது. என் வாடிக்கையாளர் பலருக்கு இதில்தான் தூக்கம் போயிருக்கிறது.

ஜவுளிக்கடை நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்பது 2021 முதல் தமிழ்நாட்டில் சட்டம். ஸ்டூலை வாங்கி குடோனில் அடுக்கி வைத்திருப்பது இருக்கை தந்ததாகாது.

களியக்காவிளை எல்லை தாண்டி கேரளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. வீடு குழித்துறையில், வேலை பாறசாலையில் என்றால், குறைந்தபட்சக் கூலியும் சம்பளப் புகாரும் கேரளக் கணக்கு. நாகர்கோவில் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக் கணக்கில் காத்திருந்து, பிறகு "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலோடு வருகிறார்கள். வேலை எங்கே நடந்ததோ அங்கே போங்கள்.

கருங்கல் அக்காவின் மனு தொழிலாளர் அலுவலகத்தில் இருக்கிறது. சாட்சிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். வாரக் கூலி கொடுத்த கவர்கள். தேதியும், கிலோவும், தொகையும் பேனாவில் எழுதியது. 11 வருடத்துக் கவர்கள், பிள்ளையின் பழைய பாட நோட்டுக்குள் அடுக்கி வைத்திருந்தார்.