டுகாட் வாங்குவோர் கண்ணில் படாத விளிம்பு

நியூரம்பெர்க், ஹாம்பர்க், பிராங்க்ஃபர்ட் போன்ற ஜெர்மானியச் சுதந்திர நகரங்கள் அச்சிட்ட டுகாட் என்னும் பழைய தங்கக் காசுகளைப் புதிதாகச் சேகரிப்பவர்கள், ஆண்டுதோறும் அதே சில இடங்களில்தான் வழுக்கி விழுகின்றனர். போலி நாணயம் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

வளையம் இருந்த தடம்

1559ஆம் ஆண்டின் பேரரசு நாணயச் சட்டப்படி, கோலோன் மார்க் என்ற பழைய எடை அளவு ஒன்றிலிருந்து 67 டுகாட்டுகள் அடிக்கப்பட வேண்டும். ஆகவே ஒன்றின் எடை ஏறத்தாழ 3.49 கிராம், தூய்மை ஆயிரத்துக்கு 986. மெல்லிய, அழகிய தங்கக் காசு என்பதால் பலர் அதில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிந்தனர். பின்னாளில் வளையத்தைக் கழற்றி, விளிம்பை அராவி, மெருகேற்றிச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். நேராக எடுத்த படத்தில் இது தெரியாது.

அண்மையில் ஓர் இளைஞர், ஏலத்தில் வாங்கிய நியூரம்பெர்க் ஆட்டுக்குட்டி டுகாட்டை, அதாவது கொடி தாங்கிய ஆட்டுக்குட்டி பொறித்த காசைக் கொண்டுவந்தார். தராசு 3.48 காட்டியதால் அவருக்கு முழு நிம்மதி. விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தபோது, ஆட்டுக்குட்டியின் கொடிக்கு மேலே விளிம்பில் சிறிதளவு இடம் மட்டும் வழுவழுப்பாகவும் வெளிறிய மஞ்சளாகவும் இருந்தது. அருகிலிருந்த எழுத்துகளின் தலைகள் மழுங்கியிருந்தன. அராவியதில் குறைந்த எடையை, வளையத்தை ஒட்டவைத்த உலோகமான பற்றாசின் எச்சம் ஈடுகட்டிவிடக்கூடும் என்பதால், சரியான எடை இங்கே எந்த உத்தரவாதமும் ஆகாது. பழுதில்லாத காசின் விலையை அவர் கொடுத்திருந்தார். விற்றவரோ, படத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று முடித்துக்கொண்டார். இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. தடமுள்ள காசை வாங்கக் கூடாது என்பதில்லை. அதற்குரிய குறைந்த விலைக்கே வாங்க வேண்டும். விளிம்பைச் சுற்றிலும் காட்டும் படங்களைக் கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

1700 என்பதை அப்படியே நம்புதல்

இதே ஆட்டுக்குட்டி டுகாட்டில், வாசகத்தின் பெரிதாக்கப்பட்ட எழுத்துகளை ரோம எண்களாகக் கூட்டினால் 1700 வரும். ஆனால் அந்த ஆண்டைத் தாங்கிய காசுகள் பின்னரும் பல ஆண்டுகள் அடிக்கப்பட்டன. எனவே யார் காலத்தில் அடித்தது என்று அறிய, அக்கசாலைத் (நாணயம் அடிக்கும் இடம்) தலைவரின் முதலெழுத்துகளைத் தேடுங்கள்: ஜி.எஃப்.என். என்றிருந்தால் அது கேயோர்க் ஃப்ரீட்ரிஷ் நியூர்ன்பெர்கரைக் குறிக்கும்.

பொன் பூசிய வெள்ளி

டுகாட் அச்சிலேயே வெள்ளியிலும் அடித்திருக்கிறார்கள். பூச்சு கண்ணை ஏமாற்றும்; வெள்ளியின் அடர்த்தி தங்கத்தில் ஏறக்குறைய பாதிதான் என்பதால் தராசு ஏமாறாது.

கோல்ட்குல்டனை டுகாட்டாக எண்ணுதல்

கோல்ட்குல்டன் வேறொரு பழைய தங்கக் காசு. அதன் எடை சுமார் 3.25 கிராம், தூய்மை ஆயிரத்துக்குச் சுமார் 770. இரண்டும் வேறு.

ஏல விலை

ஏலத்தில் முடிந்த விலையே முழு விலை அல்ல; தரகும் சுங்கமும் அதன்மேல் ஏறும்.

சமையலறைத் தராசு

நியூரம்பெர்க், டுகாட்டில் 32இல் ஒரு பங்கு வரை சிறு காசுகளை அடித்தது. அதன் எடை ஏறத்தாழ 0.11 கிராம், மில்லிகிராம் காட்டும் தராசு இல்லாமல் அதற்கு விலை பேச வேண்டாம்.