தாழியில் முதிரும் ஒயின்: ஜார்ஜியாவின் ககேதியில் ஒரு குடும்பத்து நிலவறையைச் சென்று பார்ப்பது எப்படி?

தலைநகர் திபிலீசியில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஜார்ஜியாவுக்குச் செல்லும் பெற்றோரும், விடுமுறைக்காக அங்கே இறங்கும் தமிழர்களும் ககேதி மாகாணத்துக்கு ஒரு நாள் ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு நாளில் மூன்று நான்கு பெரிய ஒயின் ஆலைகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, எதை எங்கே சுவைத்தோம் என்பதே நினைவில்லாமல் மாலையில் திரும்புகிறவர்கள்தாம் அதிகம். ஒரே ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் தோட்டத்தில் ஒரு மணி நேரமும் நிலவறையில் ஒரு மணி நேரமும் மேசையில் இரண்டு மணி நேரமும் செலவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. ஒயினைப் பற்றி எதுவும் தெரியாதவர்களையும், மது அருந்தாமல் பார்க்க மட்டும் வருகிறவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கழுத்துவரை மண்ணில் புதைத்து வைத்த, முட்டை வடிவச் சுடுமண் தாழிக்குக் 'க்வெவ்ரி' என்று பெயர். அத்தாழிகள் இருக்கும் அறை 'மரானி'. திபிலீசிக்குத் தெற்கே கிடைத்த பானை ஓடுகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே திராட்சை ஒயின் இருந்தது என்று 2017-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தாழியில் ஒயின் செய்யும் முறையை யுனெஸ்கோ 2013-இல் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை அறுவடைக் காலம். அதற்கு 'ர்த்வேலி' என்று பெயர். எல்லோரும் அப்போதே போக ஆசைப்படுவார்கள். கூடை கூடையாகத் திராட்சை வந்து இறங்குவதையும், மரத்தைக் குடைந்து செய்த நீளமான தொட்டியில் ஆட்கள் காலால் மிதிப்பதையும் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊரில் கதிர் அறுப்பு நாளில் விருந்தாளி போய் நின்றால் வீட்டுக்காரர் என்ன பாடுபடுவாரோ, அதே பாடுதான் அவர்களுக்கும். பேச நேரம் இருக்காது. கையில் ஒரு கூடையைக் கொடுத்துப் பறிக்கச் சொல்லிவிடுவார்கள். நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு மே, ஜூன் மாதங்களே நல்லவை. முந்தைய ஆண்டின் தாழிகளை வசந்தத்தில் திறந்திருப்பார்கள், கொடிகளும் பூத்திருக்கும், வெயிலும் தாங்கும்.

இரண்டாம் படி: முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

இது ஒரு வீடு; திறந்து வைத்த கடை இல்லை. நான்கைந்து நாள்களுக்கு முன்பே தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ செய்தி அனுப்பி, எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை மணிக்கு வருகிறீர்கள், சாப்பாடு வேண்டுமா, தலைக்கு என்ன கட்டணம் என்ற நான்கையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மூத்த தலைமுறையினர் பலருக்கு ஜார்ஜியமும் ரஷ்யமும்தான் தெரியும். பேரனோ பேத்தியோ ஆங்கிலத்தில் பதில் எழுதுவார்கள்.

சைவ உணவுக்காரர்கள் அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். சிவப்புக் காராமணி போன்ற பருப்பை மண்சட்டியில் குழைய வேகவைத்த லோபியோ, அக்ரூட் அரைத்த விழுதைத் தடவிச் சுருட்டிய கத்தரிக்காய், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ஹச்சாபூரி, அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுட்ட ரொட்டி என்று மேசை நிறைந்துவிடும். லோபியோவில் இறைச்சி சேர்ப்பவர்களும் உண்டு என்பதால் ஒரு முறைக்கு இரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: பயணம்

திபிலீசியிலிருந்து சிக்னாகி நகருக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் ஆகும். ககேதியின் இன்னொரு நகரான தெலாவி பக்கம் போகிறவர்கள் கொம்போரி கணவாய் வழியாகவும் செல்லலாம். அழகான பாதை, ஆனால் வளைவுகள் அதிகம், குளிர்காலத்தில் பனியும் உண்டு. நான் முதன்முறை சென்றபோது காலையில் வெறும் காப்பியோடு கிளம்பி, அந்த வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். வீட்டு அம்மா மறு பேச்சின்றி முதலில் ரொட்டியையும் உப்புப் பாலாடைக்கட்டியையும்தான் எடுத்து வைத்தார். ஆகவே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வண்டி ஓட்டுகிறவர் ஒரு துளியும் சுவைக்கக் கூடாது. ஓட்டுநரோடு வண்டியை அமர்த்திக்கொள்வதே நிம்மதி.

நான்காம் படி: தோட்டத்தில் என்ன பார்ப்பது?

பலர் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் நிழலுக்கு ஓடிவிடுகிறார்கள். கிளாஸில் பிறகு வரப்போவது முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது என்பதால், கொஞ்சம் நின்று பாருங்கள். வடக்கே காகசஸ் மலைத்தொடர் சுவர்போல நிற்க, கீழே அலசானி ஆற்றுச் சமவெளி விரிந்திருக்கும். வடக்கிலிருந்து வரும் குளிரை அந்த மலை பெருமளவு தடுத்துவிடுகிறது.

முதலில் கொடியின் அடியைக் குனிந்து பாருங்கள். தரைக்குச் சற்று மேலே தண்டு வீங்கி முடிச்சிட்டது போலிருந்தால், அது ஒட்டுப் போட்ட இடம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து பரவிய ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த பிறகு, அதைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டுவது எங்கும் பரவியது. இலைகளில் நீலம் கலந்த வெளுப்புக் கறை இருந்தால் பதறாதீர்கள்; நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த போர்டோ கலவைதான் அது, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது.

அடுத்து ரகங்கள். ஜார்ஜியாவுக்கே உரிய திராட்சை ரகங்கள் 500-க்கு மேல் என்பார்கள். நீங்கள் இரண்டை அடையாளம் கண்டால் போதும். ர்க்காத்சிதேலி என்பது வெள்ளை ரகம். அதன் இளந்தண்டு செந்நிறமாக இருக்கும், பெயரிலேயே 'சிவப்பு' என்ற பொருள் இருக்கிறது. சாபெராவி என்பது கறுப்பு ரகம். பெயருக்குச் சாயம் ஏற்றுவது என்று பொருள். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளில் நிறம் தோலில் மட்டுமே இருக்கும், சாறு வெளுத்திருக்கும். சாபெராவியின் சதையே சிவப்பு. பழக் காலத்தில் போனால் அனுமதி கேட்டு ஒரு பழத்தை விரலால் நசுக்கிப் பாருங்கள், நகக்கண்ணில் ஏறிய நிறம் மறுநாளும் இருக்கும்.

'இந்த ஆண்டு ஆலங்கட்டி மழை பெய்ததா?' என்று கேளுங்கள். எந்தப் புத்தகக் கேள்வியையும் விட இந்தக் கேள்விக்குத்தான் தோட்டக்காரர் நின்று, நிதானமாக, உண்மையாகப் பதில் சொல்வார்.

ஐந்தாம் படி: மரானிக்குள்

உள்ளே நுழையும்போது தரையைப் பார்த்து நடங்கள். அங்கே தாழி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தரையில் வட்ட வட்டமான வாய்கள் மட்டுமே தெரியும். ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் பெரிய தாழி புதைந்திருக்கலாம். உட்புறத்தில் தேன்மெழுகு பூசியிருப்பார்கள். ககேதி முறையில் பிழிந்த சாற்றை மட்டுமல்லாமல் தோல், விதை, காம்பு அனைத்தையும் சேர்த்தே உள்ளே இடுவார்கள். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமலே, பழத்தோலில் இருப்பதைக் கொண்டு தானாக நொதிக்கும். நொதிக்கும் நாள்களில் மேலே மிதந்து வரும் தோலைக் கழியால் நாள்தோறும் பல முறை கீழே அமுக்குவார்கள். பொங்குவது அடங்கியதும் மூடியிட்டு, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, ஏறத்தாழ ஐந்தாறு மாதம் அப்படியே விட்டுவிடுவார்கள்.

தாழியின் அடி கூம்பி இருப்பதற்குக் காரணம் உண்டு. கனமான விதைகள் அந்தக் குறுகிய நுனியில் போய் அடைந்துவிட, அவற்றின் மேல் தோல்கள் படிந்து மூடிவிடுவதால், விதையின் கசப்பு ஒயினில் அதிகம் இறங்குவதில்லை. சுற்றியுள்ள மண் வெப்பத்தை ஏறவிடாமல் பார்த்துக்கொள்கிறது. மின்சாரக் குளிர்சாதனம் செய்யும் வேலையை மண்ணும் வடிவமும் சேர்ந்து செய்துவிடுகின்றன என்பதுதான் இந்த நிலவறையில் என்னை மிகவும் கவர்ந்தது.

நான் பார்த்த வீட்டில் பெரியவர் முழந்தாளிட்டு, காய்ந்த களிமண்ணைச் சிறு கத்தியால் சுரண்டி, கல் மூடியை இரு கைகளாலும் நகர்த்தினார். உள்ளே இருட்டு, அந்த இருட்டுக்குள் தேன் நிறத்தில் ஒரு வட்டம் மின்னியது. நீண்ட கழியின் முனையில் கட்டிய சுரைக்குடுவையை மெல்ல இறக்கி, மேற்பரப்பு கலங்காமல் மொண்டு, கிளாஸில் ஊற்றினார். அந்தக் குடுவைக்கு 'ஓர்ஷிமோ' என்று பெயர். பேரன் பக்கத்தில் நின்று, காலியான தாழியைத் தேய்க்கும் செர்ரி மரப்பட்டைத் தூரிகையைக் காட்டினான். வேலை முழுவதிலும் கடினமானது எது என்று கேட்டேன். தாழி கழுவுவதுதான் என்றான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: அறுவடைக் காலத்தில் போனால், நொதித்துக்கொண்டிருக்கும் தாழியின் வாயில் தலையை நுழைத்துப் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் அருகே விடாதீர்கள். நொதிக்கும்போது வெளியாகும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. மணமும் நிறமும் இல்லாமல் தாழியின் வாய்ப்பகுதியிலேயே தங்கி, மூச்சுத் திணறலை உண்டாக்கிவிடும்.

ஆறாம் படி: சுவைத்தல்

வெள்ளைத் திராட்சையில் செய்த தாழி ஒயின் கிளாஸில் பழுப்பு கலந்த பொன்னிறமாக இருக்கும். பல மாதம் தோலோடு கிடந்ததால் வந்த நிறம் அது. கெட்டுப்போனதாக எண்ணிவிட வேண்டாம். முதலில் ஆட்டாமல் முகருங்கள், பிறகு கிளாஸைச் சுழற்றி மறுபடி முகருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தாலே பாதிப் பயிற்சி முடிந்தது. உலர்ந்த பாதாமி (ஆப்ரிகாட்), அக்ரூட், தேயிலை ஆகியவற்றின் சாயல் வரலாம். பிறகு ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி புரட்டிவிட்டு, விழுங்குங்கள் அல்லது துப்புங்கள். துப்புவதற்கு ஏனம் கேட்பது அவமரியாதை ஆகாது.

ஒயினில் 'டானின்' என்று நீட்டி விளக்கப்படும் ஒன்று நமக்குத் துவர்ப்பு என்ற ஒரே சொல்லில் புரிந்துவிடும். அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்து வளர்ந்த நாக்கு நம்முடையது. பாக்கு மென்றபின் கன்னத்தின் உட்புறம் இறுகுவதையும், நாவல்பழம் தின்றபின் நாக்கு சொரசொரப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பொன்னிற ஒயினில் நீங்கள் தேட வேண்டியது அதைத்தான். அது ஈறில் தங்குகிறதா, தொண்டையில் தங்குகிறதா, உமிழ்நீர் ஊறியதும் கரைகிறதா என்று பாருங்கள். சாபெராவியில் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்தே வரும். மூன்று மிடறுக்குப் பிறகு கண்ணாடியில் பல்லைப் பார்த்தால் நாவல் மரத்தடியில் பிடிபட்ட பிள்ளையின் வாய்தான் நினைவுக்கு வரும்.

'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கிளாஸ் பிடித்தது, ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள். பிடிக்காததையும் பணிவாகச் சொல்லலாம். அவர்கள் மகிழ்ச்சியோடு அடுத்த தாழியைத் திறப்பார்கள்.

ஏழாம் படி: மேசை

சாப்பாட்டு மேசையில் ஒருவர் 'தமாதா'வாக இருப்பார். வாழ்த்துரை சொல்லும் பொறுப்பு அவருடையது. அமைதிக்கு, பெற்றோருக்கு, மறைந்தவர்களுக்கு என்று ஒவ்வொன்றாக வரும். அவர் பேசி முடிக்கும்முன் கிளாஸை வாயில் வைக்காதீர்கள். முடிந்ததும் 'கௌமர்ஜோஸ்' என்று சொல்லி ஒரு மிடறு போதும். காலி செய்தால் உடனே நிரப்பிவிடுவார்கள் என்பதால் கிளாஸைப் பாதி நிரம்பியதாகவே வைத்திருப்பது புத்திசாலித்தனம். பிழிந்த சக்கையிலிருந்து காய்ச்சி வடித்த 'சாச்சா' வந்தால் எச்சரிக்கை. தண்ணீர்போலத் தெளிந்திருக்கும், ஒயினைவிட மூன்று நான்கு மடங்கு காரம். அதை வேண்டாம் என்று மறுக்க நெஞ்சில் கை வைத்து 'மத்லோபா', அதாவது நன்றி, என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

மது அருந்தாதவர்களுக்கும் இங்கே இடமுண்டு. அக்ரூட்டை நூலில் கோத்து, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் தோய்த்து உலர்த்திய சுர்ச்ச்கேலா உண்டு. அறுவடைக் காலத்தில் அதே கூழைத் தட்டில் ஊற்றி இறுகவிட்ட பெலமுஷியும் கிடைக்கும்.

வயதானவர்கள் பேச்செடுத்தால் கேளுங்கள். 1985-இல் கோர்பச்சேவ் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் கொடிகள் பிடுங்கப்பட்டதும், 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்ததும் அவர்கள் வாழ்ந்து பார்த்த செய்திகள்.

எட்டாம் படி: வாங்குவதும் கொண்டுவருவதும்

சுவைப்புக்குக் கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஒன்றிரண்டு பாட்டிலாவது வாங்குவது மரியாதை. பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றித் தருவதை அங்கேயே ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். ஊருக்குக் கொண்டுவர, தக்கை அடைத்த கண்ணாடிப் பாட்டிலையே கேளுங்கள். இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வையின்றி 2 லிட்டர் வரை கொண்டுவரலாம். 750 மில்லிலிட்டர் பாட்டில் என்றால் இரண்டு. கைப்பையில் வைக்க முடியாது. துணியில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்காமல், வண்டல் அடியில் படியும்வரை ஒரு நாள் நிமிர்த்தி வைத்திருந்து, பிறகு பாட்டிலை அதிகம் ஆட்டாமல் மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள்.