ஃபெராரி 308 எஞ்சின் டியூனிங்: கார்புரேட்டரைத் தொடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

ஐடிலிங் (காலை வைக்காமல் எஞ்சின் நின்றபடி ஓடுவது) ஆட ஆரம்பித்ததும் ஸ்க்ரூடிரைவரோடு நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் வெபர் கார்புரேட்டர் பக்கம் போவதுதான் 308 வைத்திருப்பவர்களில் பலருக்குப் பழக்கம். ஐடிலில் பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்ஸர் ஸ்க்ரூ எட்டு, கூடுதல் காற்று விடும் பைபாஸ் ஸ்க்ரூ எட்டு, த்ராட்டில் எவ்வளவு மூடும் என்பதை நிறுத்தும் ஸ்டாப் ஸ்க்ரூ நான்கு. திருகுவதற்கு இருபது இடம் கண்ணெதிரே இருந்தால் கை எப்படிச் சும்மா இருக்கும்? ஆனால் இந்த எஞ்சினில் கார்புரேட்டர் கடைசி வேலை. வால்வு இடைவெளி, கேம் டைமிங், இக்னிஷன், பெட்ரோல் அழுத்தம் இந்த நான்கும் சரியாக இருந்தால்தான் அந்த இருபது ஸ்க்ரூவும் சொன்னபடி கேட்கும். நான்கில் ஒன்று பிசகியிருந்தாலும், ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மூடி மறைத்துக்கொண்டே போவோம்.

இங்கே பேசுவது 1975 முதல் 1980 வரை வந்த கார்புரேட்டர் மாடல்களைப் பற்றி. 2926 சிசி, 90 டிகிரி வி8, காருக்குக் குறுக்கே படுக்கவைத்த எஞ்சின், நான்கு கேம்ஷாஃப்ட், நான்கு வெபர் 40 டி.சி.என்.எஃப். கார்புரேட்டர். போர் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 71 மி.மீ. எட்டு சிலிண்டருக்கும் கார்புரேட்டரில் தனித்தனித் தொண்டை, அதாவது காற்று போகும் வழி. பொதுவான மேனிஃபோல்டு கிடையாது என்பதால், ஒரு சிலிண்டர் செய்யும் தவறைப் பக்கத்துச் சிலிண்டர் சமாளித்துக் கொடுக்காது.

எஞ்சின் சூட்டோடு வால்வு அளப்பது

308-இன் வால்வு இடைவெளி, அதாவது கேமுக்கும் அதன் கீழே வால்வைத் தள்ளும் டாப்பெட்டுக்கும் நடுவே விடும் சந்து, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டியது. இன்டேக் 0.20 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 முதல் 0.35 மி.மீ. காலையில் ஓட்டிவிட்டு மதியம் கேம் கவரைக் கழற்றி அளந்தால் அந்தக் கணக்கு உதவாது. முந்தைய இரவே காரை நிறுத்திவிட வேண்டும்.

டாப்பெட்டில் இருந்து வரும் 'டிக் டிக்' சத்தத்துக்குப் பயந்து இடைவெளியைக் கூடுதலாக இறுக்கிவிடுவது அடுத்த தவறு. இடைவெளி குறைந்தால் சத்தமும் குறையும், எஞ்சின் இனிமையாகத்தான் ஓடும். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு சூடேறி நீளும்போது இருக்கையில் முழுதாக உட்காராது. வால்வுக்குச் சூடு இறங்கும் வழியே அந்த இருக்கைதான். அது அடைபட்டால் வால்வின் விளிம்பு கருகும். கொஞ்சம் சத்தம் போடும் வால்வைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சத்தமே போடாத வால்வைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்த இடைவெளியைச் சரிசெய்வது டாப்பெட்டின் மேல் உட்காரும் ஷிம் என்ற வட்டத் தகட்டை மாற்றித்தான்; அந்தக் கணக்கு எளிது. பழைய ஷிம்மின் தடிமனோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழிக்க வேண்டும். இன்டேக்கில் இருப்பது 3.90 மி.மீ. ஷிம், சந்தை அளக்கும் ஃபீலர் கேஜ் காட்டுவது 0.15 என்றால், 3.85 ஷிம் போட்டதும் இடைவெளி 0.20 ஆகிவிடும். ஷிம்மின் மேல் பொறித்த எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்துகொள்ளுங்கள். பல வருடம் ஓடிய ஷிம் தேய்ந்திருக்கும், எண் மட்டும் அப்படியே இருக்கும். ஷிம்மை வெளியே எடுத்த நிலையில் எஞ்சினைச் சுற்றவே கூடாது. கேமின் மூக்கு டாப்பெட்டின் விளிம்பில் இடித்து இரண்டையும் கெடுத்துவிடும்.

பெல்ட்: கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறுவது

"போன தடவை பெல்ட் மாற்றி 4,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லையே" என்பார்கள். எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டால் ஒன்பது, பத்து என்று பதில் வரும். டைமிங் பெல்ட் ரப்பர், நின்ற இடத்திலேயே வயதாகும். ஒரே வளைவில் மாதக்கணக்கில் நின்ற பெல்ட் இன்னும் மோசம். ஐந்து வருடத்தைத் தாண்ட விடக்கூடாது, மூன்று வருடத்தில் மாற்றுபவர்களும் உண்டு. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும் ரக எஞ்சின் இது. அறுந்த பிறகு வரும் செலவில் பெல்ட்டின் விலை ஒரு பொருட்டே இல்லை.

பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு டென்ஷனர் பேரிங்கை அப்படியே விடுவதும் தவறுதான். பேங்குக்கு (நான்கு சிலிண்டர் கொண்ட ஒரு பக்க வரிசைக்கு) ஒன்றாக இரண்டு பெல்ட், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க இரண்டு டென்ஷனர். பேரிங் சிக்கிக்கொண்டால் புது பெல்ட்டும் நிமிடங்களில் உருகிப் பிய்ந்துவிடும். அங்கே கை போயிருக்கும்போதே கேம் சீல்களையும், பெல்ட்டைச் சுழற்றும் கீழ்ப் புல்லிகளின் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். சீலில் இருந்து கசியும் ஆயில் பெல்ட்டில் ஊறினால் அதன் ஆயுள் பாதியாகிவிடும்.

வேலை நடப்பது வலது பின்சக்கர வளைவுக்குள். சக்கரத்தையும் உள்தகட்டையும் கழற்றினால் கிராங்க் புல்லி கைக்கு எட்டும். பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால், அது ஓடும் திசையிலேயே சுற்றி, ஃபிளைவீலில் உள்ள பி.எம். 1-4 குறியை ஜன்னலுக்கு நேராக நிறுத்துங்கள். பி.எம். என்பது இத்தாலிய மொழியில் 'புன்டோ மோர்டோ', நாம் டெட் சென்டர் என்று சொல்வது. கேம்ஷாஃப்டில் உள்ள கோடுகள் கேம் கேப்பில் உள்ள கோடுகளோடு சேர வேண்டும். சேரவில்லை என்றால் நீங்கள் இருப்பது ஒரு சுற்று தள்ளி. இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

பெல்ட்டைக் கழற்றிய நொடியில் சில கேம்கள் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் தாமாகவே துள்ளிப் புரண்டுவிடும். கேம்களைப் பூட்டும் கிளாம்ப் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடுங்கள். புது பெல்ட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நார் முறியும். வெளியே ஒன்றும் தெரியாது.

டென்ஷன் கொடுப்பதில்தான் கைப்பழக்கம் விளையாடும். பெல்ட்டைக் கையால் முறுக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று டென்ஷனரை நெம்பி இறுக்குவது பெரிய தவறு. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதை அதன் ஸ்பிரிங்தான் முடிவு செய்யும். நட்டைத் தளர்த்தி ஸ்பிரிங்கைத் தள்ளவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று ஓடும் திசையில் சுற்றி, அதன் பிறகு நட்டை இறுக்க வேண்டும். பெல்ட் குளிர்ந்த எஞ்சினில் தளர்வாகத் தெரியலாம். அலுமினிய எஞ்சின் சூடேறி விரியும்போது பெல்ட் தானே இறுகும். அதிகமாக இறுக்கியிருந்தால் பெல்ட் ஊளையிடும், பேரிங் சீக்கிரம் போகும். மறுபடி குறிகளைச் சரிபார்க்காமல் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் எஞ்சின் ஓடும். ஆனால் அந்த பேங்க் மட்டும் சோம்பலாக இருக்கும், அதைச் சரிசெய்கிறேன் என்று கார்புரேட்டரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவோம்.

இக்னிஷன் கோளாறைக் கார்புரேட்டர் தலையில் போடுவது

இந்த எஞ்சினின் கிராங்க், தட்டையான 180 டிகிரி ரகம். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-5-3-7-4-8-2-6. இதில் ஒரு பேங்கை மட்டும் பிரித்துப் பாருங்கள், 1-3-4-2. சாதாரண நான்கு சிலிண்டர் எஞ்சின்! மறுபக்கம் 5-7-8-6, அதுவும் அப்படியே. எந்த நாட்டுச் சந்தைக்கு வந்த கார் என்பதைப் பொறுத்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றோ இரண்டோ இருக்கும். இரண்டு உள்ள காரில் ஒன்று செத்துப்போனாலும் மீதி நான்கு சிலிண்டரில் எஞ்சின் சீராகவே ஓடும். ஓட்டுபவருக்கு "இன்று ஏனோ இழுக்கவில்லை" என்று மட்டும் தோன்றும். அதற்குள் எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டில் தள்ளிப் போய்ப் பற்றி, அங்கே குழாயைச் சிவக்கவைத்துவிடலாம். ஆகவே சந்தேகம் வந்தால், எஞ்சினை ஒட்டிய இரண்டு பக்க எக்ஸாஸ்ட் குழாய்களின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தனித்தனியாகப் பாருங்கள். நான்கு சூடாக, நான்கு ஆறிப்போய் இருந்தால் கோளாறு இக்னிஷனில். ஒன்று மட்டும் ஆறியிருந்தால் பிளக், ஒயர், அல்லது அடைபட்ட ஐடில் ஜெட் (ஐடிலில் பெட்ரோல் வரும் சின்னத் துளை).

பிளக் குழிக்குள் இறங்கும் நீள எக்ஸ்டென்டர்களை யாரும் மாற்றுவதே இல்லை. பழையவை விரிசல் விட்டு, மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து அலுமினியத்துக்குத் தாவும். இரவில் விளக்கை அணைத்து எஞ்சினை ஓடவிட்டால் நீலப் பொறி தெரியும். ஐடிலில் ஒழுங்காக ஓடி, பாரம் ஏற்றியதும் மிஸ் அடித்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

டைமிங் லைட்டை ஐடிலில் மட்டும் பிடித்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டால், ஐடிலில் சரியாகக் காட்டிவிட்டு மேலே போகும்போது அட்வான்ஸ், அதாவது வேகம் ஏற ஏறப் பொறி முன்கூட்டியே வருவது, எழும்பாது. எழும்பிய பின் இறங்காமலும் போகலாம், அப்போது ஐடில் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். 5,000 ஆர்.பி.எம். வரை ஏற்றி, ஃபிளைவீலில் உள்ள அதிகபட்சக் குறியோடு ஒப்பிடுங்கள். இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது முக்கியம்.

இப்போது வெபர்

முதலில் பெட்ரோல் அழுத்தம். வெபருக்கு 3 முதல் 3.5 பி.எஸ்.ஐ. போதும். பழைய பம்ப் போய்விட்டது என்று ஏதோ ஒரு எலக்ட்ரிக் பம்பை மாட்டினால், ஃப்ளோட் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். எட்டுத் தொண்டைக்கும் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகிவிடும், மிக்ஸர் ஸ்க்ரூ எதற்கும் மசியாது.

ஐடில் ஜெட்டைக் கம்பியால் குத்துவது இன்னொரு பாவம். 50 என்று பொறித்த ஜெட்டின் துளை 0.50 மி.மீ. மெல்லிய பித்தளை. ஒரு முறை ஊசி விட்டால் அது 50 ஆக இருக்காது. கார்புரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும். கழற்றியபோது எந்த எண் எங்கே இருந்தது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் விழும் குழி ஸ்டாப் ஸ்க்ரூ. ஐடில் குறைவாக இருக்கிறது என்று அதை உள்ளே திருகி, தொண்டைக்குள் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடான த்ராட்டிலைத் திறப்பார்கள். த்ராட்டில் தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே சின்னச் சின்னத் துளைகள் உண்டு. காலை மெல்ல அழுத்தும்போது பெட்ரோல் கொடுக்க வேண்டிய துளைகள் அவை. தகடு ஏற்கெனவே அவற்றைத் தாண்டித் திறந்துவிட்டால், ஐடிலிலேயே அங்கிருந்து பெட்ரோல் வரும். அறிகுறி தெளிவானது. மிக்ஸர் ஸ்க்ரூவை முழுதாக மூடினாலும் அந்தச் சிலிண்டர் சாகாது. காலை வைத்ததும் ஒரு கணம் திக்கி, கார்புரேட்டர் வழியே துப்பும். இதற்குப் பெரிய ஜெட் போட்டு மருந்து பார்ப்பவர்கள் பலர்.

சரியான வரிசை இது. எஞ்சின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். நான்கு கார்புரேட்டரையும் இணைக்கும் லிங்க் ராடுகளைக் கழற்றுங்கள். இணைத்தபடியே சரிசெய்தால் ஒன்றைத் திருக மற்றது நகரும். காற்றளவு காட்டும் சின்க்ரோமீட்டரை ஒவ்வொரு தொண்டையிலும் வையுங்கள். ஒரே கார்புரேட்டரின் இரண்டு தொண்டைக்குள் வித்தியாசம் இருந்தால், குறைவாக இழுக்கும் தொண்டையின் பைபாஸ் ஸ்க்ரூவை மட்டும் திறந்து மற்றதோடு சமப்படுத்துங்கள். அதிகம் இழுப்பதன் பைபாஸ் மூடியே இருக்கட்டும். பிறகு ஸ்டாப் ஸ்க்ரூவால் நான்கு கார்புரேட்டரையும் ஒன்றோடொன்று சேருங்கள். அதற்குப் பின்பே மிக்ஸர் ஸ்க்ரூ, கால் சுற்று கால் சுற்றாக. திருகிவிட்டுச் சில நொடி பொறுங்கள், எஞ்சின் பதில் சொல்ல நேரம் எடுக்கும். ஒரு ஸ்க்ரூவையும் அடியில் அழுத்தி இறுக்காதீர்கள், ஊசி முனையும் இருக்கையும் நசுங்கும். கடைசியாக லிங்க் ராடுகளை மாட்டும்போது பந்து மூட்டு தானாகப் போய் உட்கார வேண்டும். இழுத்துப் பொருத்த வேண்டியிருந்தால் ராடின் நீளம் தவறு, செய்த சமநிலை அத்தனையும் போச்சு.

1980-இல் வந்த ஜி.டி.பி.ஐ. என்ற 308 மாடலில் வெபருக்குப் பதில் போஷ் கே-ஜெட்ரானிக் என்ற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அதில் 3 மி.மீ. ஆலன் சாவியால் பெட்ரோல் கலவையை மாற்றுவதற்கு முன் காற்றுக் கசிவைத் தேடுங்கள். அளவுத் தகட்டைத் தாண்டி எங்கே காற்று நுழைந்தாலும் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். சாவியைச் செருகியபடி எஞ்சினை ரேஸ் செய்தால் உள்ளே இருக்கும் நெம்புகோல் வளைந்துவிடும்.

ஆயில், தண்ணீர், ஹோஸ்

ஆயிலில் பொதுவான பிசகு, மெல்லிய நவீன ஆயிலை ஊற்றுவது. கேம் நேரடியாக ஷிம் மேல் உரசும் எஞ்சினுக்குத் துத்தநாகம், பாஸ்பரஸ் கலந்த இசட்.டி.டி.பி. தேவை. புது கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக மெல்லிய ரகங்களில் பாஸ்பரஸைக் குறைத்துவிட்டார்கள். 10-டபிள்யூ-50, 20-டபிள்யூ-50 போன்ற கனமான ரகங்களில், டப்பாவில் பழைய எஞ்சினுக்கு என்று சொல்லி இருப்பதை எடுங்கள். ஐரோப்பியச் சந்தைக்கு வந்த ஆரம்பகால ஜி.டி.பி. (மூடிய கூரை 308) மாடலில் டிரை சம்ப், அதாவது ஆயில் எஞ்சினுக்கு அடியில் இல்லாமல் தனித் தொட்டியில் இருக்கும். அதில் எஞ்சினை அணைத்துவிட்டு ஆயில் பார்த்தால் அளவு பொய் சொல்லும், அதை நம்பி ஊற்றுபவர்கள் ஆயிலைத் தப்பாக நிரப்புகிறார்கள். சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவே நீளமான குழாய்கள். கூலன்ட் மாற்றிவிட்டு மூடியைப் பூட்டினால் போதும் என்று நினைத்தால் ஏர் லாக் நிச்சயம். ஹீட்டரைத் திறந்துவைத்து, ரேடியேட்டரிலும் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலும் உள்ள பிளீட் ஸ்க்ரூ வழியே குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி.

துணி சுற்றிய பழைய பெட்ரோல் ஹோஸை 'ஒரிஜினல்' என்ற பெருமைக்காக விட்டுவைப்பது அபாயம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரில் உள்ளிருந்தே விரிசல் விழவைக்கும். கீழே கொதிக்கும் எஞ்சின், மேலே ஒழுகும் பெட்ரோல். ஆர்9 தரக் குறியீடு அச்சிட்ட ஹோஸும் முழுவட்ட கிளாம்ப்பும் போடுங்கள், பட்டையில் பல் வெட்டிய, திருகி இறுக்கும் வார்ம் கிளாம்ப் மெல்லிய ஹோஸை வெட்டும்.

நிறுத்திவைத்த காரை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் கெடுதல். எரிப்பில் பிறக்கும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும், பிளக்கில் கரி ஏறும். ஓட்டுவதானால் ஆயில் டெம்பரேச்சர் முள் எழும்பி, அதன் பிறகும் இருபது நிமிடம் சாலையில் ஓடட்டும். அதற்கு நேரம் இல்லாத வாரத்தில் சாவியைப் போடாமலே விடுங்கள்.