எம்.ஜி.பி.யில் எவ்வளவு ஏற்றலாம்? எடை வரம்பைப் படிக்கும் முறை

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற இரண்டு இருக்கை திறந்த காரில் இரண்டு பேர், இரண்டு பெட்டி, டிக்கி மூடியின் மேல் ஒரு கேரியர் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்கள்: காரின் மொத்த எடை வரம்பு. ஆனால் முதலில் நிறையக்கூடியது பின் அச்சின் வரம்பு.

படி 1: எண்களைத் தேடுங்கள்

அமெரிக்காவுக்குப் போன 1970களின் கார்களில் ஓட்டுநர் கதவையோ கதவுத் தூணையோ பாருங்கள். ஒட்டியிருக்கும் தகவல் சீட்டில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பது ஆள், பெட்ரோல், சுமை எல்லாம் சேர்ந்த உச்ச எடை. ஜி.ஏ.டபிள்யூ.ஆர். என்பது ஒவ்வொரு அச்சுக்குமான உச்சம். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. எண்கள் பவுண்டில் இருந்தால் 0.4536-ஆல் பெருக்குங்கள், கிலோ வரும். இந்தத் தகவல் சீட்டு இல்லாத கார்களுக்கு ஓனர் கையேடும் ஒர்க்‌ஷாப் மேனுவலும்தான் கதி. விளம்பரத் தாளில் உள்ள எடையை நம்பாதீர்கள். அது பெட்ரோல் இல்லாத எடையாகவும் இருக்கலாம்.

படி 2: எடைமேடையில் நிறுத்துங்கள்

டேங்க் நிரம்பியிருக்கட்டும். ஸ்பேர் டயர், ஜாக்கி, டூல்ஸ் அதனதன் இடத்தில் இருக்கட்டும். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு அளவு, முழுக் காருக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று எடுங்கள். நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இல்லாமல், சக்கரத்துக்குக் கட்டை வைத்து. முன்னும் பின்னும் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் மேடையும் தரையும் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள். லாரி எடைமேடை பெரும்பாலும் 10 அல்லது 20 கிலோ படிகளில்தான் காட்டும். அந்தத் துல்லியம் போதும்.

பிறகு இருவரும் உட்கார்ந்து ஒருமுறை. இருக்கைகள் பின் அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால் உங்கள் எடையில் பெரும்பங்கு அங்கேதான் போகும்.

படி 3: மிச்சத்தைக் கணக்கிடுங்கள்

தகவல் சீட்டின் எண்ணிலிருந்து, ஆளோடு எடுத்த எடையைக் கழியுங்கள். மொத்தத்துக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். எது குறைவோ அதுதான் நீங்கள் இன்னும் ஏற்றக்கூடிய எடை. டேங்க் நிரப்பி எடுத்திருந்தால் பெட்ரோலை மறுபடி கழிக்க வேண்டாம். (டேங்க் 12 இம்பீரியல் கேலன், அதாவது சுமார் 54 லிட்டர் என்றால், நிரம்பிய பெட்ரோல் ஏறத்தாழ 40 கிலோ.)

டிக்கி கேரியர்தான் எல்லோரையும் ஏமாற்றும். எம்.ஜி.பி.யின் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம்) 91 அங்குலம், அதாவது 231 சென்டிமீட்டர். பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் 30 கிலோ வைத்தால் பின் அச்சில் கூடுவது 30 அல்ல: 30 × (231 + 60) ÷ 231, கிட்டத்தட்ட 38 கிலோ. கூடுதல் 8 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்பட்டது. நெம்புகோல் கணக்கு, அவ்வளவுதான். ஸ்டீயரிங் லேசாவதும் இதனால்தான். கனமான பையை இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள தட்டில் வையுங்கள்.

படி 4: டயரைப் பாருங்கள்

பழைய கார்களில் டயரை மாற்றியவர் எடை வரம்பையும் மாற்றியதை அறியாமலே இருப்பார். பக்கச் சுவரில் அளவுக்குப் பின் வரும் எண் சுமைக் குறியீடு: 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ, 84 என்றால் 500, 88 என்றால் 560. அழகுக்காக அகலமான, பக்கச் சுவர் குட்டையான 185/60 ஆர் 14 போட்டால் குறியீடு பெரும்பாலும் 82. அகலம் கூடியதால் தாங்கும் திறன் கூடிவிடாது. இந்த எண்கள் உயர்ந்த காற்றழுத்தத்துக்கானவை. கையேடு சொல்லும் அழுத்தத்தில், அதாவது 20-லிருந்து 30-க்குள் உள்ள பி.எஸ்.ஐ.யில், டயர் அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். சுமையோடு போகும்போது கையேட்டில் அதற்கென்று தந்திருக்கும் அழுத்தத்தை ஏற்றுங்கள்.

படி 5: காரின் உடம்பு

தகவல் சீட்டின் எண் புதுக் காருக்கானது. எம்.ஜி.பி.க்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடம்பே சுமையைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற உடற்பகுதியும், பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை பிடிக்கும் இடமும் துருப்பிடித்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தொய்ந்த ஸ்பிரிங், சின்னப் பள்ளத்திலும் ரப்பர் நிறுத்தியில் இடிக்கும். தடிமனான புதிய ஸ்பிரிங் போட்டால் கார் நிமிரும், வரம்பு உயராது. பிரேக்கும் ஆக்ஸிலும் வீலும் பழையவைதானே.