பழைய வெள்ளிக் காசும் விபூதியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹங்கேரி மன்னர் முதலாம் ஃபெர்டினாண்டின் வெள்ளித் தெனார் என்ற சிறு காசு ஒன்று கைக்கு வந்த அன்றே விபூதி போட்டுத் தேய்த்தவன் நான். 1554 என்று ஆண்டு பொறித்த காசு. வீட்டு வெள்ளிக் கிண்ணமெல்லாம் அப்படித்தானே பளிச்சென்று ஆகிறது? காசும் பளிச்சென்றானது. கூடவே அதில் பொறித்திருந்த மேரி மாதாவின் முகம் மழுங்கிப்போனது. மொத்த எடையே அரை கிராம் சொச்சம். தேய்க்க அதில் என்ன மிச்சம் இருக்கும்? கருத்த வெள்ளியைக் கருப்பாகவே விடுங்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள்.

அடுத்த தவறு, இந்தக் காலத்து நாணயத்தின் அழகை இதில் தேடுவது. இதைக் கையால் அடித்தார்கள். கீழச்சு கட்டையில் இறுகியிருக்கும். அதன்மேல் வெள்ளித் தகடு, மேலச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் ஓர் அடி. அதனால் படம் ஓரம் தள்ளும், எழுத்து பாதியில் அறும், ஒரு பக்கம் சப்பையாகும். இதையெல்லாம் குறை என்று ஒதுக்கிவிட்டு, வட்டம் பிசகாத காசைத் தேடிப் போகிறவர் வாங்கி வருவது பெரும்பாலும் வார்ப்புப் போலி. லென்ஸில் பாருங்கள்: பரப்பில் ஊசிமுனைக் குழிகள், விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, சோப்பில் செதுக்கியது போல வழுவழு எழுத்து. ஒரே இடத்தில் ஒரே மாதிரி விளிம்பு கிழிந்த இரண்டு காசு கண்ணில் பட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள். சுத்தியல் ஒரே மாதிரி இரண்டு முறை விழாது.

எடை குறைந்தாலே போலி என்றும் முடிவு கட்டாதீர்கள். ஓரத்தை வெட்டி வெள்ளி திருடுவது அன்றைக்கும் உண்டு. ஆனால் தேய்ந்த இடத்தில் செம்பு எட்டிப் பார்த்தால் அது அந்தக் காலத்துக் கள்ளக்காசாக இருக்கலாம். (அதைத் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்!)

மாதாவின் இருபுறமும் உள்ள கே, பி எழுத்துகளை மன்னர் பெயரின் முதலெழுத்து என்று நினைப்பவர் பலர். அது கோர்மோத்ஸ்பான்யா ஊரின் நாணயச் சாலையின் குறி. ஊர் இன்று ஸ்லோவாக்கியாவில் கிரெம்னிட்சா. 1614 முதல் வந்த போலந்தின் புவ்டோராக் காசில் சிலுவை நட்ட உருண்டைக்குள் இருக்கும் 24-ஐ ஆண்டு என்று படிப்பதும் இதே ரகம்தான். அது தாலர் என்ற பெரிய வெள்ளிக் காசில் 24-இல் ஒரு பங்கு என்ற மதிப்பு. ஆண்டு, உருண்டைக்கு மேலே சிலுவையின் இருபக்கமும் பிரிந்து நிற்கும்.

மெத்தென்ற பிவிசி உறையில் போடாதீர்கள். நாளடைவில் பச்சைப் பிசின் படியும். விற்றவரின் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். ஹங்கேரியில் மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். காசு எந்தச் சேகரிப்பிலிருந்து வந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு அந்த ஒரு தாள்தான் உங்களிடம் இருக்கும்.